பால் மட்டும் போதும் மாஸ்டர்

கோயமுத்தூரில் பம்புசெட் மோட்டார் செய்கிற பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் டீ வரும். 2011-ல், வெளியே மார்மன் என்று சொல்கிற சபையில் நான் ஞானஸ்நானம் எடுத்த மறுநாள் திங்கட்கிழமை. டீக்காரப் பையன் வழக்கம்போல மேஜையில் கிளாஸை வைத்தான். "வேண்டாம் தம்பி" என்றேன். லேத்தில் நின்ற அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, வயிறு செரியில்லீங்களா? அல்சரா?"

"ஆமாங்கண்ணா."

விசுவாசத்தைப் பற்றி வெளியாள் ஒருவர் முதன்முதலாக வாயைக் கிளறியபோது என்னிடமிருந்து வந்தது இந்தப் பொய்தான். முந்தின நாள்தான் வெள்ளை உடுப்போடு தண்ணீரில் முழுகி எழுந்து, எந்த இடத்திலும் சாட்சியாக நிற்பேன் என்று உடன்படிக்கை செய்திருந்தேன். ஒரு டீ கிளாஸைக்கூடத் தாண்ட முடியவில்லை.

பொய் சொன்னால் அதற்குச் சாப்பாடும் போட வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் பட்டறை முழுக்க எனக்கு வைத்தியம் பார்த்தது. ஒருவர் வெறும் வயிற்றில் மணத்தக்காளிக் கீரை என்றார், இன்னொருவர் நீராகாரம் என்றார். முதலாளி வீட்டு அக்கா வாரம் இரண்டு நாள் காரமில்லாத குழம்பு கொடுத்தனுப்பினார். நானோ மத்தியானம் மெஸ்ஸில் சிக்கன் வறுவல் தின்றுகொண்டிருந்தேன். அதை யாரோ பார்த்து அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அக்கா நேரே வந்து நின்றார்.

"எனக்கு அல்சர் இல்லீங்க்கா. எங்க சபையில டீ, காபி, சாராயம், பொகையிலை எதையும் தொடமாட்டோமுங்க" என்றேன். காது சுட்டது.

அக்காவுக்குக் கோபமே வரவில்லை. "அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? நாங்க பொரட்டாசில கவுச்சி தொடறதில்ல. மலைக்கு மாலை போட்டா எல்லாத்தையும் நிறுத்தறாங்க. உங்குளுது எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமேங்க்கா."

"ஆயுசுக்குமா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

பயந்ததற்கு இவ்வளவுதான். விரதம் என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு நாங்கள் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை இல்லாதவர்களுக்காகக் கொடுக்கிறோம் என்றபோதும் பட்டறையில் ஒருவரும் புருவத்தைத் தூக்கவில்லை. அண்ணனுக்கு மட்டும் டீ விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. சாராயம் சரி, பீடி சரி, டீ என்ன பாவம் செய்தது? 1833 பிப்ரவரி 27-ல் அமெரிக்காவில், ஒஹாயோவின் கர்ட்லாண்டில் எங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த வெளிப்படுத்தல் அது, ஞான வார்த்தை என்போம், அதில் சூடான பானங்கள் என்றுதான் இருக்கிறது, டீயும் காபியும்தான் அது என்று அப்புறம் தலைவர்கள் தெளிவாக்கினார்கள் என்றேன்.

"சூடுதான் ஆகாதுன்னா ரசம்?"

"அது குடிக்கலாமுங்க."

"சுக்கு காபி?"

இதற்கு உடனே பதில் வரவில்லை. சுக்கு, மல்லி, கருப்பட்டி. பெயரில்தான் காபி இருக்கிறது. சில கடைகளில் ருசிக்கு நிஜக் காபித் தூளையும் ஒரு சிட்டிகை போட்டுவிடுவார்கள். இன்றைக்கும் தள்ளுவண்டிக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன். அந்த ஒரு கேள்வியால் நகரத்தின் பாதிச் சுக்குக் காபிக்காரர்களுக்கு என் மதம் தெரியும். பட்டறைக்கு எதிர்க்கடை மாஸ்டருக்குப் "பால் மட்டும் போதும் மாஸ்டர்" என்று சொன்ன காலம் போய், என் தலையைப் பார்த்ததுமே பாலை ஆற்ற ஆரம்பித்துவிடுகிறார்.

பெயர்தான் பெரும் பாடு. "மார்மன்" என்றால் "மர்ம சபைங்களா?" என்பார்கள். அது, வேதாகமத்தோடு நாங்கள் வேதமாகப் படிக்கிற மார்மன் புத்தகத்தை வைத்து மற்றவர்கள் எங்களுக்கு வைத்த பெயர். 2018 அக்டோபரில் அன்றைய தலைவர் ரசல் நெல்சன், இனி முழுப் பெயரையே சொல்லுங்கள் என்றார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. டீக்கடை பெஞ்சில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பார். "அப்ப நீங்க கிறிஸ்டினு" என்று சுருக்கிக்கொள்பவர்களிடம் நான் சண்டைக்கு நிற்பதில்லை.

உண்மையைச் சொன்னதும் பூமி பிளக்கவில்லை என்று தெரிந்த பிறகு எனக்குத் தலைகால் புரியாமல் போனது. ஒவ்வோர் அங்கத்தினரும் ஓர் ஊழியக்காரர் என்று அப்போதைய சபைத் தலைவர் டேவிட் மெக்கே 1959-ல் சொன்னதைச் சபையில் அடிக்கடி சொல்வார்கள். நான் அதை அப்படியே தலையில் ஏற்றிக்கொண்டேன். பையில் எப்போதும் ஆறு தமிழ் மார்மன் புத்தகங்கள். தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தவர்களுக்குப் பதிலுக்குப் புத்தகம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குப் புத்தகம். 1820, அமெரிக்காவின் பல்மைரா, பதினாலு வயதுப் பையன் ஜோசப் ஸ்மித், எந்தச் சபையில் சேர்வது என்று தெரியாமல் தோப்புக்குள் போய் ஜெபித்தது என்று ஆரம்பித்தால் காந்திபுரம் வரும்வரை நிறுத்தமாட்டேன். அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்ததை நான் பார்க்கவில்லை.

முதலாளிக்குக் கொடுத்த புத்தகம் அந்த வருஷ ஆயுத பூஜையில் கண்ணில் பட்டது. லேத், டிரில்லிங் மெஷின், தராசு, என் கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மார்மன் புத்தகம், அட்டையில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. படிக்கக் கொடுத்தால் இப்படிப் பண்ணிவிட்டார்களே என்று அன்றைக்கு நொந்துகொண்டேன். பொரி கடலையைக்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாங்கினேன். சாமிப் புத்தகம் என்று ஒருவர் தந்ததை இருப்பதிலேயே உசத்தியான இடத்தில் அந்த அக்கா வைத்திருக்கிறார் என்பது மண்டையில் ஏற ரொம்ப நாள் ஆனது.

அடி விழுந்தது வேறு இடத்தில். ஐடிஐ படித்துக்கொண்டே வேலை பழக வந்த பையன், பதினேழு வயது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வா, கூடைப்பந்து எல்லாம் உண்டு என்று கூப்பிட்டேன். இரண்டு வாரம் வந்தான். மூன்றாவது வாரம் அவன் அப்பா பட்டறை கேட்டில் நின்றார். "பையனை மதம் மாத்தறியா? சட்டம் இருக்குது, தெரியுமில்ல?" என்று சத்தம். கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2002-ல் வந்தது, 2004-ல் எடுத்துவிட்டார்கள். அதை அந்த இடத்தில் நின்று எடுத்துச் சொல்கிற அறிவுகெட்ட வேலையையும் செய்தேன். அரசியல் சாசனம் 25-ஆவது பிரிவு, மதத்தைப் பரப்பும் உரிமை என்றுவேறு இழுத்தேன். அவர் கேட்டது சட்டமே இல்லை. தன்னைக் கேட்காமல் தன் பிள்ளையை எங்கே கூட்டிப்போனாய் என்றுதான் கேட்டார்.

எங்கள் சபைக் கிளையின் தலைவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். எங்கள் சபையில் சம்பளப் போதகர் கிடையாது. அவரும் வாரம் முழுக்க இன்னோர் இடத்தில் வேலை பார்க்கிறவர்தான். "பதினெட்டு ஆகாத பிள்ளைன்னா அப்பா அம்மா சம்மதம் இல்லாம ஞானஸ்நானம் கிடையாது, கல்யாணமானவங்கன்னா வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மா சம்மதம் வேணும். இது நம்ம சபைச் சட்டம். பாடம் கேட்கக் கூப்பிடறதுக்கு முன்னாடியே நீங்க அந்த வீட்டுப் படி ஏறியிருக்கணும்" என்றார். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் பைக்கில் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம்.

மனிதர் இறங்கி வந்தார். உட்காரச் சொன்னார். அந்த அம்மா இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார்.

மன்னிப்புக் கேட்க வந்த வீட்டில் டீயை மறுப்பதைப் போல ஒரு அவமரியாதை நம் ஊரில் உண்டா? கிளைத் தலைவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, அந்தப் பெரியவர் முகம் மறுபடி இறுகுவதை இரண்டு பேரும் பார்த்தோம். இந்த முறை அல்சர் என்று சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அவர் உள்ளே பார்த்து, "மோர் இருந்தாக் குடு" என்றார். அந்த மோரை இன்னும் மறக்கவில்லை. பையன் அதன் பிறகு சபைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தது, போய் வந்தேன்.

அன்றிலிருந்து பையில் புத்தகம் எடுத்துப்போவதை விட்டுவிட்டேன். யாராவது கேட்டால் மட்டும், கேட்ட அளவுக்குப் பதில். எத்தனை பொண்டாட்டி என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள், பலதார மணத்தைச் சபை 1890-லேயே கைவிட்டது, எனக்கு ஒருத்தி, அவளுக்கே பதில் சொல்லி மாளவில்லை என்பேன். பேச்சு அதோடு முடியும். முடியட்டும். எங்கள் கோயமுத்தூரில் இந்த விசுவாசத்துக்கு முதலில் வந்த பால் திருத்துவதாஸிடம் யாரும் வீடு தேடிப் போய்ப் பிரசங்கம் பண்ணவில்லை. பழைய புத்தகங்களுக்கு நடுவே கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு அவராகவே சபைத் தலைமையகம் இருக்கிற சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதம் எழுதினார். வருஷக்கணக்கில் காத்திருந்த பிறகு, ஞானஸ்நானம் கிடைத்தது 1965-ல்தான். என் அவசரத்தை நினைக்கும்போதெல்லாம் அந்தக் காத்திருப்பு ஞாபகத்துக்கு வரும். 2022-ல் எங்கள் அப்போஸ்தலர்களில் ஒருவரான கேரி ஸ்டீவன்சன் சபையின் பொது மாநாட்டில் நேசி, பகிர், அழை என்று மூன்றே வார்த்தையில் சொன்னார். எனக்கு மூன்றாவது வார்த்தையில்தான் இன்னும் நாக்கு குழறுகிறது.

பட்டறையைவிட வீடு கடினம். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், தாத்தா காலத்தில் மில் வேலைக்கு இங்கே வந்தவர்கள், நாலு தலைமுறையாக வேதக்காரர்கள். இந்துக்களுக்கு நான் இன்னொரு கிறிஸ்தவன், அவ்வளவுதான். சொந்தக்காரர்களுக்கு நான் கள்ள உபதேசத்தில் விழுந்தவன். வேதாகமத்துக்கு மேல் இன்னொரு புத்தகமா என்று சித்தப்பா கேட்டார். எங்கள் கூடத்தில் சிலுவை இல்லை என்பதை அத்தை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போய் ஊரெல்லாம் சொன்னாள். காணிக்கைப் பை சுற்றி வரவில்லை என்பதையும் பார்த்தாள், அதை மட்டும் சொல்லவில்லை.

வழி திறந்தது வம்சாவளியில். முன்னோர் பெயர்களைத் தேடி எழுதுவது எங்கள் சபையில் எல்லாரும் செய்கிற காரியம், அதற்கு இலவச இணையதளமே நடத்துகிறார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். மார்மன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், "உங்க தாத்தாவோட அம்மா பேரு என்ன?" என்றதும் மூன்று மணி நேரம் பேசினாள். ஞானமுத்து, வேதமாணிக்கம் என்று மேலே போய், ஒரு தலைமுறைக்கு அப்பால் சுடலை என்று நின்றது. வேதத்துக்கு வந்த முதல் ஆளின் அப்பா. அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

நாலாவது தடவை போனபோது கேட்டாள். "எதுக்குல செத்தவங்க பேரையெல்லாம் எழுதுத?"

அல்சர் என்று ஒரு காலத்தில் சொன்ன வாய் இது. இங்கேயும் சும்மா ஞாபகத்துக்கு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சொன்னேன்: எங்கள் ஆலயங்களில் (ஞாயிறு கூடுகிற கூடம் வேறு) இறந்தவர்களுக்குப் பதிலாக உயிரோடு இருப்பவர்கள் ஞானஸ்நானம் எடுப்போம். 110 வருஷத்துக்குள் பிறந்தவர் என்றால் உயிரோடிருக்கிற நெருங்கிய சொந்தத்திடம் அனுமதி வாங்கணும். எடுத்தாலும் ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் பாடு. மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் எடுப்பதைப் பவுல் குறிப்பிடுகிற ஒன்று கொரிந்தியர் 15, 29-ஆம் வசனத்தையும் சொன்னேன். அத்தை எழுந்துபோய்த் தன் வேதாகமத்தை எடுத்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "பவுல் அப்படிச் சொல்லல" என்றாள். மூடி வைத்தாள். நோட்டைத் திருப்பித் தந்துவிட்டாள்.

எட்டு மாதம் பேச்சில்லை. 2018 ஏப்ரலில் பெங்களூருக்கு ஆலயம் வரப்போகிறது என்று அறிவித்த செய்தியை அவளுக்கு அனுப்பலாமா என்று யோசித்து, அனுப்பவில்லை.

ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். "ஏல, தாத்தாவுக்கு ஒரு தங்கச்சி உண்டும், ரத்தினம்னு. கல்யாணம் பண்ணாமலே போய்ட்டா. அவ பேரை விட்டுட்டேன், எழுதிக்கோ."

"எழுதிக்கிட்டேன் அத்தை."

"முழுக்கு கிழுக்கெல்லாம் அவளுக்கு வேண்டாம். எழுதுததோட சரி."

"சரி அத்தை."

"எடுத்தாலும் வேண்டாம்னுதான் சொல்லுவா. அவ யாரு சொல்லியும் கேட்டதில்ல."

ரத்தினம் என்று எழுதி, பக்கத்தில் 'அத்தை வேண்டாம் என்றாள்' என்று குறித்து வைத்தேன். அத்தை அதற்குப் பிறகும் போனை வைக்கவில்லை. ரத்தினம் கிணற்றில் இறங்கி ஆட்டுக்குட்டியைத் தூக்கி வந்த கதையை ஆரம்பித்திருந்தாள்.