நூலகத்துக்குப் பழைய புத்தகம் கொடுக்கும் முன்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பூஞ்சணம் பிடித்த ஒரு புத்தகம் போதும், அடுக்கு முழுக்கப் பரவிவிடும். இரண்டு நாள் நிழலில் விரித்து உலர்த்தி, தூசி தட்டிக் கொடுங்கள். வெயிலில் போட்டால் தாள் பழுத்து நொறுங்கும்.

கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம். பசை மஞ்சளாகி எழுத்தில் ஊறும். மைதாப் பசையில் துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து மெல்லிய தாள் ஒட்டினால் பூச்சி எளிதில் அண்டாது. (மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் தொடக்கூடாது.)

அலமாரியைச் சுவரைவிட்டு நாலு விரல் தள்ளி வைப்பது, பதிவேடு எழுதுவது, கூட்டுவது எல்லாம் ஊர்ப்புற நூலகத்தில் பெரும்பாலும் ஒரே ஆள்தான். சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். உரிமையோடு உள்ளே போங்கள். பழைய கைடு மட்டும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள், அதை எடைக்குப் போடும் வேலையும் அவர் தலையில்தான் விழும்.