ஆங்கில வகுப்பில் ஒரு கட்டியக்காரன்

"வாட் ஈஸ் யுவர் நேம்?" என்ற கேள்வியை நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஐந்தாம் வகுப்புக்கு வருவதற்குள் அது கேள்வியாகவே அவர்கள் காதில் விழுவதில்லை. டீச்சர் ஒரு சத்தம் கொடுத்தால் பதிலுக்கு நாம் ஒரு சத்தம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் ராகம் போட்டு வருகிற "குட் மார்னிங் டீச்ச்சர்" மாதிரி. பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்து, ஒரே அங்கன்வாடியில் வளர்ந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரை எழுப்பி நிறுத்தி, ஒருவர் பெயரை ஒருவர் ஆங்கிலத்தில் கேட்கச் சொல்கிறோம். தெரிந்த பெயரை எதற்குக் கேட்பது? பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் குரலில் அந்த அலுப்பு இருக்கும்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கூத்து இன்னும் உயிரோடு இருக்கிற வட்டாரம் இது. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை எங்கள் மாவட்டத்து ஊர்தான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும். மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் தூங்கி விழுவார்கள். மீதிப் பேர் இடைவேளையில் துரியோதனனாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆங்கில வகுப்பில் நாடகத்தைக் கொண்டுவரலாம் என்ற எண்ணத்தைப் பயிற்சி வகுப்புகள் கொடுத்தன. எப்படிக் கொண்டுவருவது என்பதை நான் கற்றுக்கொண்டது இந்தக் கூத்திலிருந்துதான்.

கூத்தில் வேடம் கட்டியவர் நேராக வந்து நின்றுவிட மாட்டார். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். அதற்குப் பின்னால் நின்று பாடுவார். கிரீடம் மட்டும் மேலே தெரியும், கீழே சலங்கை கேட்கும். கட்டியக்காரன் முன்னால் நின்றுகொண்டு, வந்திருப்பவர் யார், எந்தத் தேசம், என்ன காரியமாக வந்தார் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பான். சபைக்காக அவன்தான் கேட்க வேண்டும். கேட்டால்தான் கதை நகரும்.

ஆங்கிலம் தொடங்குகிற பிள்ளைக்குப் பாடப்புத்தகம் கற்றுத்தருகிற முதல் கேள்விகளும் இவையேதான்: யார் நீ, எங்கிருந்து வருகிறாய், உனக்கு என்ன வேண்டும். வகுப்பில் இல்லாதது அந்தத் திரை ஒன்றுதான். ஒரு பழைய புடவையை இரண்டு பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு பிள்ளை அதன் பின்னால் போய், தான் யாராக வரப்போகிறது என்பதை மனதுக்குள் முடிவு செய்துகொள்கிறது. எனக்குக்கூடச் சொல்லக் கூடாது. முன்னால் நிற்கும் கட்டியக்காரன் கேட்கிறான்: "ஹூ ஆர் யூ?"

இப்போது அது உண்மையான கேள்வி. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. "ஐ ஆம் எ பியர்" என்று கரகரப்பான குரல் வருகிறது. "வேர் டூ யூ கம் ஃப்ரம்?" "ஜவ்வாது ஹில்ஸ்." "வாட் டூ யூ ஹேவ்?" "ஐ ஹேவ் ஹனி." திரை விலகுகிறது. வகுப்பு கைதட்டுகிறது. அடுத்தவன் ஓடுகிறான். ஒருநாள் திரைக்குப் பின்னாலிருந்து "ஐ ஆம் லைன்மேன்" என்று குரல் வந்தது. எதற்கு வந்தீர்கள் என்று கட்டியக்காரன் கேட்டதும், "நோ கரண்ட்!" என்றான் அந்தப் பையன். முந்தின ராத்திரி ஊரில் கரண்ட் போயிருந்தது. "ஐ ஆம் எ லைன்மேன்" என்று இருந்திருக்க வேண்டும். நான் அந்த இடத்தில் திருத்தவில்லை. அடுத்த பிள்ளை வந்தபோது நானே கட்டியக்காரனாக நின்று, "ஆர் யூ எ லைன்மேன்? ஆர் யூ எ டாக்டர்?" என்று கேட்டேன். அந்த 'எ' அவர்கள் காதில் நாலைந்து தடவை விழுந்தது. நாடகத்துக்குள்ளேயே ஆசிரியரும் ஒரு வேடம் எடுத்துக்கொண்டால், பாடத்தை நிறுத்தாமலே சரியான வாக்கியத்தைக் கேட்க வைத்துவிடலாம்.

கட்டியக்காரன் செய்கிற இன்னொரு வேலை எனக்கு இதைவிடப் பெரிது. நடப்பதைச் சபைக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்பவன் அவன். எங்கள் வகுப்பு நாடகத்தில் மற்ற வேடங்கள் ஆங்கிலம் பேசும், கட்டியக்காரன் தமிழும் பேசலாம். ஆங்கில வகுப்பில் தமிழ் எதற்கு என்று கேட்ட ஆசிரியர்கள் உண்டு. யோசித்துப் பாருங்கள்: கரடி என்ன சொன்னது என்று சபைக்குத் தமிழில் சொல்ல வேண்டுமென்றால், அவன் கரடியின் ஆங்கிலத்தைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். வகுப்பிலேயே மிகக் கவனமாக ஆங்கிலம் கேட்கிற பிள்ளை அவன்தான். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிரிக்கிற அரும்பு, மொட்டு, மலர் என்ற வெவ்வேறு கற்றல் நிலையில் இருந்து வருகிற பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறுகிற பிள்ளை, வாய்மொழியில் கெட்டிக்காரனாக இருப்பான். அவனுக்கு இந்த வேடம் கச்சிதமாகப் பொருந்தும். நாடகம் அவனைச் சுற்றித்தான் நடக்கும் என்பதால் ஓரமாக ஒதுங்கி நிற்கவும் முடியாது.

கதை எப்போதும் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்ததாக இருக்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கதையும் புதுசு, மொழியும் புதுசு என்றால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? பாட்டி வடை சுட்ட கதையை எடுத்தோம். பாட்டிக்கு இரண்டு வரி, காக்காவுக்கு இரண்டு, நரிக்கு மூன்று. எந்த வரியும் ஐந்து சொல்லைத் தாண்டாது. நாலைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, புங்கமரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் ஒத்திகை. நாற்பது நிமிட வகுப்பில் பத்து நிமிடம் போதும்.

நரி "ப்ளீஸ் ஸிங் எ சாங்" என்றது. காக்காவாக நின்ற பெண் பாட வேண்டும், வடை விழ வேண்டும். அவள் பாடவில்லை. வாயில் கவ்வியிருந்த காகித வடையை எடுத்துக் கீழே வைத்து, அதன்மேல் காலை வைத்துக்கொண்டாள். "காக்கா உஷாராயிடுச்சு டீச்சர். வடைய கால்ல மிதிச்சிக்கினுதான் பாடும்" என்றாள். குழு முழுக்க அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் கட்டியக்காரனைத் தவிர யாரும் தமிழில் பேசக் கூடாது என்பது எங்கள் விதி. நரி கேட்கும், "வேர் ஈஸ் த வடை?" என்று. காக்கா என்ன சொல்வது?

அப்புறம் நடந்ததைத்தான் நான் பாடம் என்று சொல்வேன். 'ஆன், இன், அண்டர்' மூன்றும் சுவரில் படத்தோடு தொங்குகின்றன. பூனை மேசைமேல், பூனை பெட்டிக்குள், பூனை நாற்காலிக்கு அடியில். பல தடவை படித்தாயிற்று, பரீட்சையிலும் எழுதியாயிற்று. காக்காவுக்கு அதில் ஒன்று வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. "ஆன் மை லெக்" என்றான் ஒருவன். "கால்மேலயா இருக்குது? காலுக்குக் கீழதானே" என்று இன்னொருத்தி சண்டைக்குப் போனாள். "அண்டர்" என்று கண்டுபிடித்தார்கள். பாதத்துக்குத் தனிச் சொல் உண்டு, 'ஃபுட்' என்று நான் கொடுத்தேன். "த வடை ஈஸ் அண்டர் மை ஃபுட்!" என்று காக்கா நரியைப் பார்த்துக் கத்தியபோது அந்தக் குரலில் இருந்த வெற்றியை எந்தப் பயிற்சித் தாளிலும் கொண்டுவர முடியாது. மறுவாரம் அந்த வாக்கியம் தெரியாத பிள்ளை வகுப்பில் இல்லை, காக்காவாக நடிக்காதவர்கள் உட்பட.

உடம்பை அசைத்து மொழி கற்பது பற்றி ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் பேசினார். உட்கார், எழு, கதவைத் திற என்று கட்டளை கேட்டுச் செய்து பழகுகிற முறை. சின்னப் பிள்ளைகளுக்கு அது நல்ல தொடக்கம், நானும் செய்கிறேன். ஆனால் அதில் பிள்ளை கேட்டதைச் செய்யும், தனக்கென்று எதையும் கேட்காது. நாடகத்தில் காக்காவுக்கு வடை வேண்டும், நரிக்கும் வேண்டும். வேண்டும் என்று வந்துவிட்டால் வாய் திறந்துதான் ஆக வேண்டும்.

உச்சரிப்பும் அப்படித்தான் வந்தது. தமிழில் பேசுவதைப் போலவே ஆங்கிலத்திலும் பிள்ளைகள் எல்லாச் சொல்லையும் ஒரே அழுத்தத்தில் சொல்வார்கள். ஐ, வான்ட், எ, வடை, நாலும் ஒரே உயரம். எங்கே அழுத்த வேண்டும் என்று பலகையில் கோடு போட்டுக் காட்டுவதால் பெரிய பலன் இல்லை. "மூணு நாளா சாப்பிடலை, இப்பக் கேளு" என்றால் 'வான்ட்' தானாக எழும்பும். "பாட்டி இட்லி குடுத்தாங்க, உனக்கு வடைதான் வேணும், இப்பக் கேளு" என்றால் அழுத்தம் 'வடை'க்குப் போய்விடும். வெறும் 'நோ' ஒன்றை வைத்தே ஒரு வகுப்பு நடத்தலாம். வகுப்புக்குள் நுழைகிற நாயிடம் நோ, மாங்காயில் பங்கு கேட்கிற சிநேகிதனிடம் நோ, குளிக்கக் கூப்பிடுகிற அம்மாவிடம் நோ. சொல் ஒன்று, பாட்டு வேறு வேறு. ஆங்கிலத்தில் பாதி அர்த்தம் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது.

ஆண்டுவிழா நாடகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கில நாடகம் என்றாலே பல பள்ளிகளில் அதுதான். நீளமான வசனங்கள், வாடகை உடைகள், ஒரு மாத மனப்பாடம். ராஜா, ராணி, மந்திரி எல்லாம் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். மற்றவர்கள் மரமாகவும் காவலாளியாகவும் வாய் திறக்காமல் நிற்பார்கள். ஆங்கிலம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைக்காது. ராஜாவுக்கும் தன் வசனம் முடிகிற இடம் தெரியுமே தவிர, மந்திரி என்ன சொன்னார் என்பது தெரியாது. பெற்றோர் பெருமைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அந்த மேடை வேண்டும். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா எங்கள் பிள்ளைகளுக்கும் மேடை கொடுத்திருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் மேடைக்கான நாடகமும் வகுப்புக்கான நாடகமும் ஒன்றல்ல. வகுப்பு நாடகத்தில் பாடம் என்பது ஒத்திகைதான். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு தடவையும் அதற்குக் காரணமும் இருக்க வேண்டும். அந்த இரண்டையும் சேர்த்துத் தருவது ஒத்திகை மட்டும்தான். பார்வையாளர் இல்லாமலே முடிந்துபோகிற நாடகங்கள்தான் எங்களிடம் அதிகம்.

இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் பகுதியில் ஒரு கிராமப் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்த ஹாரியட் ஃபின்லே ஜான்ஸன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைச் செய்தவர். வரலாறு, இலக்கியம் என்று பல பாடங்களைப் பிள்ளைகளே நாடகமாக ஆக்கிக் கற்றார்கள். தாங்கள் கற்பதற்காக நடித்தார்கள், யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. அவரைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தெம்பாக இருந்தது. வசதியான நகரத்துப் பள்ளியில் பிறந்த முறை இல்லை இது.

சத்தம் வரும். பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்றால் மரத்தடிக்குப் போக வேண்டும், மழைக்காலத்தில் குரலைக் குறைத்து 'திருடர்கள் ரகசியம் பேசுவது போல' நடிக்கச் சொல்ல வேண்டும். பாடம் முடியாது என்ற பயம் தேவையில்லை. பாடப்புத்தகத்து உரையாடல்களையே திரைக்குப் பின்னால் அனுப்பிவிடலாம்.

ஐந்தாம் வகுப்பில் இதை எழுத்துக்குக் கொண்டுபோகிறேன். ஒத்திகையில் பேசியதைக் குழுவாக உட்கார்ந்து தாளில் எழுத வேண்டும். இந்த ஆண்டு அவர்கள் எழுதியது டவுன் பஸ் நாடகம். கண்டக்டர், டிரைவர், கோழிக்கூடையோடு ஏறுகிற தாத்தா, பாட்டி, நின்றுகொண்டே தூங்குகிற ஒருவர். "டிக்கெட், டிக்கெட்! வேர் ஆர் யூ கோயிங்?" என்று கண்டக்டர் கேட்கிறார். தாத்தா "செய்யாறு" என்கிறார். "டூ டிக்கெட்ஸ். ஒன் ஃபார் யூ, ஒன் ஃபார் த ஹென்" என்கிறார் கண்டக்டர். அப்போது பாட்டியாக வந்த பெண் எழுதிச் சேர்த்த வரி: "மை ஹென் ஈஸ் எ லேடி. லேடீஸ் ஃப்ரீ!" 2021லிருந்து எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கோழி இப்போது பாட்டியுடையது ஆகிவிட்டது, தாத்தா வெறுங்கையோடு உட்கார வேண்டியதாயிற்று. இந்த மாற்றத்தை எல்லா இடத்திலும் மாற்றி எழுதுவதற்காக 'ஹிஸ் ஹென்' 'ஹெர் ஹென்' என்று ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து திருத்தினார்கள்.

அந்தத் தாள்களை நான்காம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டேன். ஒத்திகை தொடங்கியிருக்கிறது. கண்டக்டர் ஒரு இடத்தில் விசில் அடிக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்புக்காரர்கள் எழுதாமல் விட்டுவிட்டார்களாம், பென்சிலால் அதைச் சேர்த்துக்கொண்டு வந்து காட்டினார்கள்.