வினையூக்கி எப்போது ஓயும்?

டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும் அலகில் வினையூக்கியின் செயல்திறனை யாரும் நேரடியாக அளப்பதில்லை. விளைபொருளின் கந்தகத்தை 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குள்) நிறுத்த வினைகலனின் சராசரி வெப்பநிலையை எவ்வளவு உயர்த்த வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்தே அதன் நாடியைப் பிடிக்கிறோம்.

அந்த உயர்வு முழுவதையும் வினையூக்கியின் கணக்கில் எழுதிவிட முடியாது. கச்சா எண்ணெய் மாறும், கன எண்ணெயை உடைக்கும் சிதைப்பு அலகுகளிலிருந்து வரும் பங்கு கூடும், வினைகலனுக்குத் திரும்பச் செலுத்தும் சுழல்வாயுவில் ஹைட்ரஜனின் தூய்மை குறையும். ஒவ்வொன்றும் வெப்பநிலையை ஏற்றும். ஆகவே, அன்றாட அளவீடுகளை ஒரே ஊட்டம் (உள்ளே செல்லும் எண்ணெய்), ஒரே ஓட்டவீதம், ஒரே ஹைட்ரஜன் பகுதியழுத்தம் என்ற நிலைக்குத் திருத்திக்கொண்ட பிறகே உண்மையான செயலிழப்பு கண்ணுக்குத் தெரியும். என் உழைப்பில் பெரும்பங்கு இதற்கே போனது. வினையூக்கியின் ஆயுளைக் கணிக்கும் சமன்பாட்டை எழுதுவது மிச்ச நேரத்து வேலை.

வினையூக்கியின் மேல் சேரும் கோக் என்னும் கரிப் படிவு காலத்தின் ஏறக்குறைய வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது என்று, சிதைப்பு வினையூக்கிகளை ஆராய்ந்த வூர்ஹீஸ் 1945இல் காட்டினார். தொடக்க வாரங்களின் வேகமான சரிவுக்கு அந்த வடிவம் இன்றும் உதவுகிறது. வெப்பநிலை வரைபடத்தில் அதன்பின் வரும் நீண்ட நேர்கோட்டை அப்படியே நீட்டி, வினையூக்கியை மாற்றும் தேதியைக் குறிப்பதை மட்டும் நான் ஏற்பதில்லை. இழந்த திறனை ஈடுகட்ட வெப்பநிலையை ஏற்ற ஏற்ற கோக்கும் விரைந்து படிவதால், இறுதிக் கட்டத்தில் கோடு செங்குத்தாக எழும்.

வினையூக்கியை முடக்கும் நச்சுகளின் போக்கு வேறு. கன எண்ணெயைச் சூட்டால் உடைக்கும் கோக்கரிலிருந்து வரும் இலகு எண்ணெயான கோக்கர் நாப்தாவைப் பதப்படுத்தும் அலகொன்றில் சராசரி வெப்பநிலை அசையவே இல்லை. ஆனால் வினையூக்கிப் படுகையின் மேற்பகுதியிலுள்ள தெர்மோகப்பிள் என்னும் வெப்பநிலை உணரிகளில் வினைவெப்பம் அடங்கி, அடுத்தடுத்த கீழ்வரிசைகளில் அது தலைகாட்டத் தொடங்கியது. கோக்கரில் நுரையடக்கச் சேர்க்கும் சிலிக்கோனிலிருந்து வந்த சிலிக்கான் மேலிருந்து கீழாகப் படுகையைத் தின்றுகொண்டிருந்தது. கோக்கை எரித்து அகற்றலாம், சிலிக்கானை அப்படி அகற்ற வழியில்லை. முழுப் படுகைக்கும் ஒரே செயல்திறன் எண்ணைத் தரும் மாதிரி, நச்சின் முனை அடித்தளத்தை நெருங்கும்வரை எதையும் சொல்லாது. எனவே படுகையைக் கிடைமட்ட அடுக்குகளாகப் பிரித்து, அடுக்குக்கொரு செயல்திறன் வைத்தோம்.

தேதி கேட்பவர்களிடம் இரண்டு தேதிகள் தருவேன்: இப்போதைய ஊட்டம் தொடர்ந்தால் ஒன்று, கோக்கர் பங்கு கூடினால் மற்றொன்று. மேலடுக்கில் துருவின் துகள்கள் அடைத்து அழுத்த வீழ்ச்சி வரம்பைத் தொட்டுவிட்டால், வினையூக்கியில் உயிர் மிச்சமிருக்கும்போதே அலகை நிறுத்த நேரும். அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.