பாலம் தாண்டும் நேரத்தில் ஜப்பானிய மொழி

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, என்4 நிலை. முதல் முறை எனக்குக் கிடைத்தது 180க்கு 101. தேர்ச்சிக்கு 90 போதும், ஆனாலும் நான் தேறவில்லை. கேட்டல் பகுதியிலும் தனியாக 60க்கு 19 எடுக்க வேண்டும். நான் எடுத்தது 16. அன்றிரவு அழுதேன்.

படிக்காமல் இல்லை. ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம் உட்காருவேன். இலக்கணம் நமக்கு நன்றாகவே ஒத்துவரும். ‘ஹஹா நி தெகமி ஒ ககிமஷ்தா’ என்பதை ‘அம்மாவுக்குக் கடிதத்தை எழுதினேன்’ என்று அதே வரிசையில் சொல்லிவிடலாம். ‘நி’ நம் ‘கு’, ‘ஒ’ நம் ‘ஐ’. அந்தத் தெம்பில் காதைப் பழக்காமல் விட்டுவிட்டேன். தேர்வில் ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். ‘இச்சி’ என்றால் ஒன்று, ‘ஷிச்சி’ என்றால் ஏழு. வேகமாகச் சொன்னால் இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே கேட்டன.

மலேசியாவில், பிறை என்ற ஊரிலிருந்து பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸுக்கு பேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். காலை நெரிசலில் அதைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகிவிடும். அந்த நேரத்தைப் பிப்ரவரியிலிருந்து காதுக்கு ஒதுக்கினேன். இரண்டு நிமிட உரையாடல் ஒன்று, வாரம் முழுக்க அது மட்டும். முதல் இரண்டு நாள் கேட்பது. அப்புறம் பேசுபவரின் பின்னாலேயே வாய்க்குள் சொல்லிப் போவது. வெள்ளிக்கிழமை, கேட்டதைத் தாளில் எழுதிச் சரிபார்ப்பது. பக்கத்து சீட் அக்கா ஒருநாள், “என்னம்மா, தினமும் மந்திரம் சொல்லிக்கிட்டு வர்றே?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார். அந்த அன்பை மறக்க மாட்டேன்.

ஏப்ரல்வரை ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. மே மாதம் ஒருநாள், புதிய உரையாடலில் சொற்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்டன. தீபாவளிக்கு ஒன்பது நாள் விட்டேன். திரும்பி வந்தபோது எல்லாமே வேகமாக ஓடுவதுபோல் இருந்தது. பழைய உரையாடல்களையே ஒரு வாரம் மறுபடி கேட்டேன், சரியாகிவிட்டது.

டிசம்பரில் இரண்டாம் முறை எழுதினேன். கேட்டலில் 34, தேறிவிட்டேன். ஆனால் முடிவு வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பேக்டரியின் ஜப்பானிய இன்ஜினியர் ஒருநாள் போனில், ஜப்பானிய மொழியில், மறுநாள் மெஷினை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று சொன்னார். யாரிடமும் கேட்காமல் போர்டில் 7 என்று எழுதினேன்.