ராணியின் அத்தை பேத்தி: சில நாள் குறிப்புகள்

ஜனவரி 19

இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்துக்கும் ஸ்காட்லாந்து ராணி மேரி ஸ்டூவர்ட்டுக்கும் இடையிலான மகுடச் சண்டையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தை ஆண்ட ட்யூடர் குடும்பத்தின் வம்சாவளியை ஒரு தாளில் வரைந்து மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். இல்லாவிட்டால் சமாளிக்க முடியாது. எங்கே திரும்பினாலும் ஒரு ஹென்றி, ஒரு மேரி. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் அக்கா மார்கரெட், 1503-ல் ஸ்காட்லாந்து ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அவருடைய மகன் வழிப் பேத்திதான் மேரி ஸ்டூவர்ட். ஆக, ஹென்றியின் மகள் எலிசபெத்துக்கு இவர் அத்தை பேத்தி. நம் ஊர்க் கணக்கில் மகள் முறை, ஆனால் ஒன்பது வயதுதான் வித்தியாசம்.

ஹென்றி எலிசபெத்தின் அம்மா ஆன் பொலீனை மணந்ததே செல்லாது என்பது கத்தோலிக்கர்களின் வாதம். அப்படியானால் எலிசபெத் முறையான வாரிசு இல்லை. எலிசபெத் பட்டத்துக்கு வந்த 1558-ல் மகுடம் நேராக மேரிக்குப் போயிருக்க வேண்டும். இதில் ஒரு கூத்து உண்டு. 1536-ல் ஆனின் தலையை வெட்டியபோது, ஹென்றியே அந்தத் திருமணத்தை ரத்து செய்து மகளை முறையற்றவள் ஆக்கிவிட்டார். 1544-ல் வாரிசு வரிசையில் திரும்பச் சேர்த்தவர், அந்தக் கறையை மட்டும் துடைக்கவில்லை. உயிலிலோ அக்கா வழியை அப்படியே தாண்டிவிட்டார். மேரியின் ஆட்கள் ஒரு காகிதத்தைக் காட்டலாம், எலிசபெத்தின் ஆட்கள் இன்னொன்றைக் காட்டலாம். இரண்டையும் எழுதிவைத்தது ஒரே ஆள்.

ஜனவரி 21

மேரி முதலில் செய்த தப்பு அவருடையதுகூட இல்லை, மாமனாருடையது. மேரி பிரெஞ்சு இளவரசரை மணந்திருந்தார். பிரெஞ்சு ராஜா இரண்டாம் ஹென்றி, தன் மருமகளின் சின்னத்தில் இங்கிலாந்தின் அரச முத்திரையையும் சேர்த்துப் போட வைத்தார். அப்போது மேரிக்குப் பதினாறு வயது வாக்கில்தான் இருக்கும். 1560 எடின்பரோ ஒப்பந்தம் அதை நிறுத்தச் சொன்னது. மேரி கடைசிவரை அதற்கு ஒப்புதல் தரவில்லை.

ஜனவரி 24

எலிசபெத் ஏன் வாரிசை அறிவிக்கவே இல்லை? மேரியை வாரிசாக ஏற்றுக்கொண்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று ஸ்காட்லாந்துத் தூதர் மெயிட்லண்ட் 1561-ல் வந்து கேட்டார். ராணி மறுத்தார். அடுத்து வரப்போகிறவர் யார் என்று தெரிந்துவிட்டால் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். சொந்த அனுபவம் அது. அக்கா மேரி ட்யூடர் ஆண்டபோது அந்த 'அடுத்த ஆள்' எலிசபெத்தேதான். 1554-ல் வயட் என்பவர் கலகம் செய்ய, அதில் பங்கு உண்டு என்ற சந்தேகத்தில் லண்டன் கோபுரச் சிறையில் இரண்டு மாதம் இருந்தார்.

ராணியின் நியாயம் புரிகிறது. மந்திரிகளின் பயம் அதைவிட நன்றாகப் புரிகிறது. 1562 அக்டோபரில் எலிசபெத்துக்குப் பெரியம்மை வந்து பிழைப்பாரா என்றே தெரியாமல் போனது. அன்று அவர் போயிருந்தால் வாரிசு யார்? ஆளுக்கு ஒரு பெயர் சொல்லியிருப்பார்கள். மேரி பட்டத்துக்கு வந்தால் ராணிக்கு நஷ்டமில்லை, அவர்தான் போய்ச் சேர்ந்திருப்பாரே. மேரி கத்தோலிக்கர், கழுத்து போவது வில்லியம் செசில் மாதிரி புராட்டஸ்டண்ட் மந்திரிகளுக்கு. மேரியைத் தீர்த்துக்கட்ட ராணியைவிட அவையினர் ஏன் அவசரப்பட்டார்கள் என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். இனிப் படிக்கும் எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் பார்ப்பேன்.

ஜனவரி 28

வேலை அதிகம், வேகமாக ஓட்டினேன். மேரியின் கணவர் டார்ன்லி கொலை, அதில் சந்தேகிக்கப்பட்ட பாத்வெல் பிரபுவோடு கல்யாணம், பதவி துறப்பு, சிறையிலிருந்து தப்பியது, லாங்சைடு போரில் தோற்றது: எல்லாம் 1567, 68-க்குள். 1568 மே 16 அன்று மேரி மீன்பிடிப் படகில் இங்கிலாந்துக் கரை வந்து இறங்கினார். உதவி கேட்டு வந்தவரை 19 வருடம் வெளியே விடவில்லை. அடுத்த ஆண்டே வடக்கில் இரண்டு கத்தோலிக்கப் பிரபுக்கள் கலகம் செய்தார்கள். 1570-ல் போப் ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைச் சபையிலிருந்து நீக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்றார். இங்கிலாந்துக் கத்தோலிக்கர்களுக்கு இதைவிடப் பெரிய கெடுதலை யாரும் செய்திருக்க முடியாது. சும்மா இருந்தவர்களும் துரோகிப் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 2

1584-ல் டச்சு புராட்டஸ்டண்டுகளின் தலைவர் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் சுட்டுக் கொல்லப்பட்டார். லண்டனில் பயம் பிடித்துக்கொண்டது. செசிலும் உளவுத் தலைவர் வால்சிங்கமும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்தார்கள்: ராணியைக் கொல்ல யார் முயன்றாலும் அவர்களை மட்டுமல்ல, யாருக்காக அது நடந்ததோ அவரையும் கொல்வோம். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். மேரியே தானும் கையெழுத்திடுவதாகச் சொன்னார்! 1585 சட்டம் இதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, விசாரணை வேண்டும் என்றது. பொறி தயார், உள்ளே ஆள் வர வேண்டியதுதான் பாக்கி.

அடுத்த வருடமே மேரி வந்தார். மேரியை அடைத்து வைத்திருந்த சார்ட்லி மாளிகைக்குப் போகும் பீர் பீப்பாயின் அடைப்பில் ரகசியக் கடிதங்கள் ஒளிந்து போயின. அந்த வழியை ஏற்படுத்திக் கொடுத்த கில்பர்ட் கிஃபோர்ட் வால்சிங்கமின் ஆள். பீர் தந்தவர் இரண்டு தரப்பிடமும் காசு வாங்கிக்கொண்டு பீர் விலையையும் ஏற்றச் சொன்னாராம். இந்தக் கதையிலேயே தெளிவான ஆள் அவர்தான். ஒவ்வொரு கடிதத்தையும் வால்சிங்கமிடம் வேலை பார்த்த தாமஸ் ஃபிலிப்ஸ் சங்கேதம் உடைத்துப் படித்தார். ஆறு பேர் சேர்ந்து ராணியைக் கொல்வார்கள் என்று ஆண்டனி பாபிங்டன் என்ற கத்தோலிக்க இளைஞர் எழுத, 1586 ஜூலை 17 அன்று மேரி பதில் அனுப்பினார். ஃபிலிப்ஸ் தன் பிரதியின்மேல் ஒரு தூக்குமரம் வரைந்தார். அப்புறம் அந்த ஆறு பேரின் பெயரைக் கேட்டு மேரி எழுதியதுபோல ஒரு பின்குறிப்பையும் சேர்த்தார்.

மேரி குற்றமற்றவர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அரசாங்கமே கதவைத் திறந்து வைத்துவிட்டு, யார் நுழைகிறார்கள் என்று காத்திருந்தது. ஃபோதரிங்கே கோட்டையில் நடந்த மேரியின் விசாரணையில் மூலக் கடிதத்தை யாரும் காட்டவில்லை, வெறும் பிரதிதான்.

பிப்ரவரி 4

ஒரு துணைச்செய்தி. 1578 முதல் 1584 வரை மேரி சங்கேதத்தில் எழுதிய ஐம்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருந்தன, இத்தாலியக் காகிதங்கள் என்று பட்டியலிடப்பட்டு. கணினி உதவியோடு மூன்று பேர் அவற்றை உடைத்து 2023-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை பிரெஞ்சுத் தூதர் காஸ்டெல்னோவுக்கு எழுதியவை.

பிப்ரவரி 8

1587-ல் இதே தேதியில் மேரியின் தலை வெட்டப்பட்டது. ஐரோப்பாவின் கத்தோலிக்க நாடுகள் அதற்குள் புது நாட்காட்டிக்கு மாறியிருந்ததால் அங்கே பிப்ரவரி 18.

மரண ஆணையில் எலிசபெத் கையெழுத்திட்டது பிப்ரவரி 1. அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. சிறைக்காவலர் ஏமியஸ் பாலெட்டே மேரியைச் சத்தமில்லாமல் முடித்துவிடட்டும் என்று ராணி சொல்லியனுப்பினார். உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்தானே அவரும்! பாலெட் கடுமையான ப்யூரிட்டன் (தீவிர புராட்டஸ்டண்ட்), மேரியை அறவே பிடிக்காதவர். அவர் மறுத்தார்: சட்டமும் ஆணையும் இல்லாமல் ரத்தம் சிந்த என் மனசாட்சி இடம் தராது என்று எழுதினார். ராணிக்கு ஒரே எரிச்சல். கடைசியில் அவையினர் கூடி, ராணியிடம் சொல்லாமலே ஆணையை அனுப்பிவைத்தார்கள். விஷயம் தெரிந்ததும் ராணி அழுதார், கொதித்தார். பழி விழுந்தது செயலர் வில்லியம் டேவிசன் மேல்: கோபுரச் சிறை, 10,000 மார்க் அபராதம். பணக்காரர்கூட அல்ல அவர்.

பிப்ரவரி 11

மேரி செத்தால் ஆபத்து தீருமா என்றால், அடுத்த ஆண்டே ஸ்பெயினின் கடற்படை வந்தது. இங்கிலாந்தின் பழைய லங்காஸ்டர் அரச வம்சத் தொடர்பைச் சொல்லி ஸ்பெயின் ராஜா இரண்டாம் ஃபிலிப் மகுடம் தனக்கே என்றார். மேரியின் மகன், ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸ், தாயின் மரணத்தை ஒப்புக்குக் கண்டித்ததோடு சரி. புராட்டஸ்டண்டாக வளர்ந்தவர், 1586 முதல் எலிசபெத்திடம் ஆண்டுக்குச் சுமார் 4,000 பவுண்டு உதவித்தொகை பெற ஒப்பந்தம் போட்டவர், அரசுரிமை தன் கைக்கு வரும் என்று காத்திருந்தவர்.

அது வந்ததும். 1601 முதல் செசிலின் மகன் ராபர்ட், ராணிக்குத் தெரியாமல் ஜேம்ஸோடு கடிதம் எழுதி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார். 1603 மார்ச் 24 அன்று எலிசபெத் இறந்த சில மணி நேரத்துக்குள் ஜேம்ஸ் பெயரில் பிரகடனம் வாசிக்கப்பட்டது. எந்த மந்திரியின் கழுத்தும் போகவில்லை. ராபர்ட் செசிலுக்குப் புது ராஜா பிரபு பட்டம் கொடுத்தார்.