பதில் அனுப்பாதவர்களும் கணக்கில் உண்டு

எங்கள் தொலைமருத்துவத் திட்டத்தால் நோயாளிகளுக்கு என்ன பலன் கிடைத்தது என்று அளந்து எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உள்ளவர்கள் வீட்டிலேயே அளவெடுத்துச் செயலியில் பதிவார்கள். செவிலியர்கள் அதைப் பார்த்துத் தொலைபேசியில் பேசுவார்கள். தேவைப்பட்டால் மருத்துவர் காணொளியில் பார்த்து மருந்தை மாற்றுவார். எண்களுக்குப் பஞ்சமே இல்லை. எத்தனை ஆலோசனைகள், எத்தனை குறுஞ்செய்திகள், எத்தனை பதிவிறக்கங்கள் என்று பக்கம் பக்கமாகக் குவிந்திருந்தன. வந்தவர்களுக்கு உடம்பு தேறியதா என்பதற்கு மட்டும் அவற்றில் ஒரு வரிகூட இல்லை.

மருத்துவத்தின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறையை 1966இல் அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர் முன்வைத்தார். அந்த மூன்று தலைப்புகளின் கீழ் எங்களிடம் இருந்ததைப் பிரித்து எழுதினேன். முதல் இரண்டும் நிரம்பின, மூன்றாவது வெறுமையாக நின்றது. அந்த ஒரு தாளைக் கூட்டத்தில் வைத்த பிறகு யாரும் பதிவிறக்கங்களைப் பற்றிப் பேசவில்லை.

எதை அளப்பது என்று முடிவுசெய்யும்போது ஆளுக்கொன்று சேர்க்கச் சொன்னார்கள். நான் பிடிவாதமாகக் குறைத்தேன். நீண்ட படிவத்தை யாரும் இரண்டாம் முறை நிரப்ப மாட்டார்கள். கடைசியில் ரத்த அழுத்தம், ஹெச்பிஏ1சி, திட்டமிடாமல் மருத்துவமனையில் கழிந்த நாட்கள், மனச்சோர்வு ஆகிய நான்கும் நின்றன. ஹெச்பிஏ1சி தொல்லை தரவில்லை. அது ரத்தத்தில் சர்க்கரையின் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை. மூன்று மாத இடைவெளி விட்டு ஆய்வகத்திலிருந்து வாங்கிக்கொண்டால் போதும்.

ரத்த அழுத்தம்தான் எங்களை வாட்டியது. மருத்துவமனையில் 140/90 என்பதற்கு வீட்டில் ஏறத்தாழ 135/85 சமம். சேரும்போது மருத்துவமனை அளவையும் முடிவில் வீட்டு அளவையும் வைத்துக் கழித்தால், யாருக்கும் எதுவும் நடக்காமலேயே முன்னேற்றம் தெரியும். ஆகவே தொடக்கத்தையும் முடிவையும் வீட்டிலேயே, ஒரே விதமாக எடுப்பது என்று வைத்துக்கொண்டோம்: ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாட்கள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி.

காகிதத்தில் எழுதுவது எளிது. ஒரு பெரியவரின் அளவுகள் எப்போதும் ஏறியே இருந்தன. மருந்தைக் கூட்டுவதற்கு முன் அவர் அளவெடுப்பதைக் காணொளியில் காட்டச் சொன்னோம். கைப்பட்டையை முழுக்கைச் சட்டையின் மேலேயே சுற்றியிருந்தார். கை மடியில் தொங்கியது. கருவி ஓடும்போது எங்களோடு பேசிக்கொண்டும் இருந்தார். "ஐயா, சட்டைக் கையை விலக்கிவிட்டு, கையை மேசை மேல் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். முதுகைச் சாய்த்துக்கொண்டு, கால் இரண்டையும் தரையில் ஊன்றுங்கள். அது நிற்கும்வரை பேச வேண்டாம்" என்றார் செவிலியர். சற்று நேரம் கழித்து எடுத்த அளவில் மேல் எண் பதினைந்து குறைந்திருந்தது. இன்னொருவர் தினமும் 130/80 என்று எழுதி அனுப்பினார். நிஜ உடம்பு அப்படி நிற்காது. விசாரித்தால், ஒருநாள் எடுத்ததையே மறுநாளும் எழுதியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. வேறு எண் எழுதினால் திட்டுவோமோ என்று பயந்திருக்கிறார். அன்று முதல் கருவியின் நினைவகத்தில் உள்ள எண்களையே வாங்குகிறோம். சிறிய கைப்பட்டை அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், சேரும்போதே மேற்கைச் சுற்றளவையும் அளந்துவிடுகிறோம்.

மனச்சோர்வுக்குப் பிஎச்க்யூ-9 வினாத்தாளை எடுத்துக்கொண்டோம். ஒன்பது கேள்விகள், மொத்தம் 0 முதல் 27 வரை மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கூர்ந்து கவனிக்க வேண்டும். அதன் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. அந்தப் பதில் மாதக் கடைசியில் தொகுக்கும்வரை கணினியில் கிடக்கக் கூடாது என்பதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. "இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், அதே நாளில் ஒரு மனிதர் அழைத்துப் பேசுவதற்கு ஆள் ஏற்பாடான பிறகே வினாத்தாளை அனுப்பத் தொடங்கினோம். இதற்கு ஆள் இல்லாத திட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதல் சுற்றுக் கணக்கு வந்தபோது எல்லோருக்கும் மகிழ்ச்சி. செயலியில் தொடர்ந்து பதிந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. எனக்கு மட்டும் 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நினைவில் உறுத்திக்கொண்டே இருந்தது. இதயச் செயலிழப்பு உள்ள 1,653 பேரை வைத்து நடந்தது அது. தொலைபேசி வழியாகத் தினமும் உடல்நிலையைச் சொல்ல வைத்த குழுவுக்கும் வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவுக்கும், 180 நாட்களில் மீண்டும் மருத்துவமனையில் சேர்வதிலோ இறப்பிலோ வேறுபாடு தெரியவில்லை. கண்காணிப்புக் குழுவில் சுமார் 14 சதவீதம் பேர் அந்த வசதியை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. முடிவில் வாரத்துக்கு மூன்று முறையாவது அழைத்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். ஆனாலும் அந்த ஆய்வாளர்கள் எல்லோரையும் கணக்கில் வைத்தே முடிவு சொன்னார்கள். தொடர்ந்தவர்களை மட்டும் எடுத்திருந்தால் கதை வேறாகத் தெரிந்திருக்கக்கூடும்.

அதனால் எங்களிடம் பதிவதை நிறுத்தியவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் அழைத்தோம். ஒருவருக்குக் கைபேசி மாறியிருந்தது, செயலியை மறுபடி ஏற்றத் தெரியவில்லை. ஓர் அம்மாவுக்கு மகள்தான் பதிந்து தருவார். மகள் வேலைக்காக வெளியூர் போனதோடு பதிவும் நின்றது. சிலர் நன்றாகவே இருந்தார்கள், தினமும் எழுதுவதுதான் அலுத்துவிட்டது. ஒருவர் பக்கவாதத்தோடு மருத்துவமனையில் இருந்தார். இன்னொரு எண்ணில் மனைவி எடுத்து, "அவர் போய்விட்டார் அம்மா, நீங்கள் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள்" என்றார். கணக்கு என்பது இந்த மனிதர்கள்தான் என்று எனக்கு அன்று ஐயமறத் தெரிந்தது. அவருக்கு ஆறு வாரங்களாகத் தானியங்கி நினைவூட்டல் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கே நிறுத்தினோம். இறப்புச் செய்தி வந்தால் யார், எப்படி, எத்தனை மணி நேரத்துக்குள் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று விதியும் எழுதினோம்.

பிறகு கணக்கைத் திரும்பப் போட்டேன். வகுக்கும் எண்ணாகச் சேர்ந்த அத்தனை பேரையும் வைத்தேன். கட்டுக்குள் இருப்பவர்களின் விழுக்காடு நன்றாகவே இறங்கியது. "இப்படி அனுப்பினால் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள்" என்று ஒரு மூத்த அதிகாரி தயங்கினார். அவர் கவலை நியாயமானது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதைக் காரணங்களோடு எழுதினேன். கைபேசியும் அலுப்பும் சரிசெய்யக்கூடியவை என்பது படித்தவர்களுக்கு உடனே விளங்கியது. திட்டம் நிற்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அழுத்தம் மிகவும் ஏறியிருந்த நாளில்தான் பலரைச் சேர்த்திருந்தோம். உச்சத்தில் அளந்த எதுவும் அடுத்த முறை தானாகவே சராசரி பக்கம் இறங்கும். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886லேயே பெற்றோர், பிள்ளைகள் உயரத்தில் காட்டிய விஷயம் அது. அந்த இறக்கத்தை எங்கள் புகழில் சேர்க்க மனம் வரவில்லை. புதியவர்களைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து, காத்திருப்பவர்களிடமும் அதே முறையில் அளவெடுத்து ஒப்பிட்டோம். எங்கள் பங்கு முதலில் தெரிந்ததைவிடச் சிறியதாக வந்தது. ஆனால் அது உண்மையான பங்கு, யார் கேட்டாலும் காட்டலாம்.

மருத்துவமனையில் கழிந்த நாட்களை எண்ணுவதற்கு 2018இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றைப் பின்பற்றினோம். இதயச் செயலிழப்பு நோயாளிகளைத் தொலைவிலிருந்து கவனித்தபோது, திட்டமிடாத இதயநோய்ச் சேர்க்கையாலோ இறப்பாலோ இழந்த நாட்கள் ஆண்டுக்கு 17.8ஆக இருந்தன. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு அது 24.2. அங்கே 24 மணி நேரமும் மருத்துவர்கள் அளவுகளைப் பார்த்துச் செயல்பட்டார்கள். அளவு வந்து சேர்வது சிகிச்சையாகிவிடாது. யாராவது அதைப் பார்த்து எதையாவது மாற்ற வேண்டும். எனவே எச்சரிக்கை வந்த நேரத்துக்கும் மருந்து மாறிய நேரத்துக்கும் இடையிலான காலத்தையும் இப்போது குறிக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை வரும் எச்சரிக்கைகள் திங்கள்வரை கிடந்தது அதில்தான் தெரியவந்தது. வார இறுதிக்கு ஒரு செவிலியர் பணி கிடைத்ததற்கு அந்த ஒரு வரியே காரணம்.

அடுத்த சுற்றில் முடிவுகளை வயது வாரியாகவும், சொந்தக் கைபேசி உள்ளவர், இல்லாதவர் என்றும் பிரித்துப் பார்க்கப் போகிறேன். மகளை நம்பியிருந்த அந்த அம்மாவுக்குச் செயலி வேண்டாம் என்றாகிவிட்டது. செவிலியர் அழைக்கும்போது கருவியைப் பார்த்து எண்ணைப் படித்துச் சொல்கிறார். அவர் அளவுகளும் அதே அட்டவணையில் ஏறுகின்றன.