லைசோசோமுக்கு ஒட்டிக்கொண்ட பெயர்

பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தும்போதெல்லாம், விலங்கு செல்லின் படத்தில் லைசோசோமுக்கு நேராகக் கோடு இழுத்து ‘தற்கொலைப் பை’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். நோட்ஸில் அப்படித்தான் இருக்கிறது என்பதால் மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறேன். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவை ‘ஆற்றல் நிலையம்’ என்று எழுதும் மாணவருக்கு அதன் வேலையில் பாதியாவது தெரிந்திருக்கும். தற்கொலைப் பை என்று எழுதுபவருக்கு லைசோசோம் அன்றாடம் என்ன செய்கிறது என்பது அறவே தெரிந்திருக்காது.

செல்லுக்குள் இருக்கும், நொதிகள் நிறைந்த இந்த நுண்ணுறுப்பு கண்டுபிடிக்கப்பட்ட விதமே சுவையானது. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டு கிறிஸ்டியன் டி டுவ், இன்சுலின் கல்லீரலில் எவ்வாறு செயல்படுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எலியின் கல்லீரலை மென்மையாக அரைத்தெடுத்த கரைசலில் அமில பாஸ்பட்டேஸ் என்னும் நொதியை அளந்தபோது, எதிர்பார்த்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தென்பட்டது. அதே கரைசலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, 5 நாள்கள் கழித்து மறுபடி அளந்தால் நொதி முழு அளவில் இருந்தது. முதல் அளவீடு பிழை என்று ஒதுக்கிவிட்டு அவர் தம் வேலையைத் தொடர்ந்திருக்கலாம். மாறாக, நொதி ஏதோ ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்க வேண்டும், நாள்பட்டதில் சவ்வு நைந்து அது வெளியே கசிந்திருக்க வேண்டும் என்று எண்ணி, அந்தப் பையைத் தேடிப் போனார். 1955இல் அதற்கு லைசோசோம் என்ற பெயர் கிடைத்தது. 1974இல் அவருக்கும் ஆல்பர்ட் கிளாட், ஜார்ஜ் பலாடே ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பை கிழிந்தால் உள்ளிருக்கும் நொதிகள் செல்லையே தின்றுவிடும் என்பதுதான் தற்கொலைக் கதையின் சாரம். லைசோசோமின் உட்புறம் அமிலமானது; அங்கே பிஎச் (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும் அளவீடு) 5-க்கும் சற்றுக் குறைவு. வெளியே சைட்டோபிளாசத்தில் அது 7.2 அளவில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தயாரித்துத் தரும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து, சவ்வில் உள்ள புரத பம்புகள் ஹைட்ரஜன் அயனிகளை இடைவிடாமல் உள்ளே இறைப்பதால்தான் இந்த வேறுபாடு நிலைக்கிறது. அமிலத்தில் வேலை செய்யப் பழகிய நொதிகள் சிறிதளவு வெளியே கசிந்தாலும் அங்கே பெரும்பாலும் மந்தமாகிவிடும். தலைப்பிரட்டையின் வால் கரைந்து மறைவதில் லைசோசோம் நொதிகளுக்குப் பங்குண்டு என்பது உண்மைதான். அதை வைத்து எல்லா விலங்குச் செல்களின் லைசோசோமுக்கும் பெயர் சூட்டுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

அன்றாட வேலையைப் பார்க்க வேண்டுமானால் மண்ணீரலுக்குப் போக வேண்டும். நம் இரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள்கள் ஓடியாடிய பின் விறைத்துப்போகிறது. மண்ணீரலின் குறுகிய சந்துகளில் வளைந்து நுழைய முடியாமல் திணறும் அதனை, அங்கே காத்திருக்கும் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல் முழுதாக விழுங்கி, சவ்வு சூழ்ந்த ஒரு பொட்டலமாக்குகிறது. அந்தப் பொட்டலத்தோடு லைசோசோம்கள் இணைந்ததும் ஹீமோகுளோபினின் புரதம் அமினோ அமிலங்களாக அறுபடுகிறது. ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீமிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இரும்பு, இரத்தத்தின் வழியாக எலும்பு மஜ்ஜைக்குத் திரும்பிப் புதிய சிவப்பணுவில் சேர்கிறது. நாம் உண்ணும் உணவிலிருந்து குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. இவ்வாறு பழைய சிவப்பணுக்களிலிருந்து மீட்கப்படுவதோ 20 மில்லிகிராமுக்கு மேல். இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லும் நாம் இந்த மீட்பு வேலையைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

சிவப்பணுவின் புரதம் போக, அதன் சவ்விலுள்ள கொழுப்பும் சிதைக்கப்பட வேண்டும். அதில் குளுக்கோசெரிப்ரோசைடு என்ற ஒன்றை உடைக்கத் தனி நொதி உண்டு. அந்த நொதிக்கான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்த குழந்தைக்கு, விழுங்கியது செரிக்காமல் மேக்ரோபேஜ்களிலேயே தேங்கிவிடும். மண்ணீரல் பலமடங்கு பருக்கும், எலும்பு வலுவிழக்கும். கோஷே நோய் எனப்படும் இதனை 1882இல் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தபோது, லைசோசோம் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை.

இந்நோய்க்கு 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் நொதி மருந்து, மனித நஞ்சுக்கொடியிலிருந்து எடுக்கப்பட்டது. நொதியை அப்படியே இரத்தத்தில் செலுத்தினால் அது மேக்ரோபேஜுக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. ஆகவே அதன் மேலிருந்த சர்க்கரைச் சங்கிலிகளின் நுனிகளை நறுக்கி, மேன்னோஸ் என்ற சர்க்கரை வெளியே தெரியும்படி செய்தார்கள். மேக்ரோபேஜின் மேற்பரப்பில் மேன்னோஸைப் பற்றும் ஏற்பிகள் இருக்கின்றன. அவை நொதியைப் பிடித்து உள்ளே இழுத்து, கடைசியில் லைசோசோமிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை சிரை இரத்தக்குழாய் வழியாக அந்த நொதி ஏற ஏற, பருத்திருந்த மண்ணீரல் மெல்லச் சுருங்குகிறது.